கணிப்பொறி மந்தமா? கொஞ்சம் பொறுங்கள்!

"பிள்ளைகள் படிக்கும் பழைய கணிப்பொறி ஊர்கிறது, புதிது வாங்கலாமா?" என்று பாலக்காட்டிலும் மூணாறிலும் நம்மவர் பலர் கேட்கிறார்கள். ரயில்வேயில் நாங்கள் பழுது எங்கே என்று பார்க்காமல் எதையும் மாற்றமாட்டோம். இங்கும் அப்படியே.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நின்றால், சுழலும் ஹார்டு டிஸ்க்தான் தடை, எஸ்.எஸ்.டி. போடுங்கள். 'மெமரி' நிறைந்திருந்தால் 4 ஜிபியை 8 ஆக்குங்கள். சூடேறினாலும் வேகம் குறையும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு விசிறித் தூசியை அகற்றுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. புதிய விண்டோஸை ஏற்காத கணிப்பொறியில், கேரள அரசுப் பள்ளிகளுக்காகக் 'கைட்' தரும் இலவச லினக்ஸைப் போடலாம். எதற்கும் முன்பு, முக்கியக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவையுங்கள்.