மறைக்கல்வி வகுப்பில் சுரம் கற்போம்

நம் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கேள்வி ஞானத்தால்தான் பாடுகிறார்கள். ஆசிரியர் பாடுவார், பிள்ளைகள் திரும்பப் பாடுவார்கள். தவக்காலப் பாடல்கள் பலவற்றை நம் முன்னோர் இப்படித்தான் காத்து வந்தனர். ஆனால் பாடல் தெரிந்தவர் ஊர் மாறிப் போனால், பாடலும் அவரோடு போய்விடுகிறது.

இதே சிக்கலை 11-ஆம் நூற்றாண்டிலேயே சந்தித்தவர் அரெட்சோ நகர் குயிதோ என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. சிறுவர்கள் திருவழிபாட்டுப் பாடல்களை மனப்பாடம் செய்யவே பல ஆண்டுகள் ஆவதைக் கண்டார் அவர். புனித திருமுழுக்கு யோவானுக்குரிய இலத்தீன் பாடல் ஒன்றில் ஒவ்வோர் அடியும் ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகளையே சுரங்களுக்குப் பெயராக்கினார்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. 'உத்' பின்னாளில் 'டோ' ஆயிற்று. கோடுகள் மேல் சுரங்களை எழுதும் முறையையும் சீர்படுத்தினார். திருத்தந்தை 19-ஆம் யோவான் அவரை உரோமைக்கு அழைத்து, அம்முறையில் தாமே ஓர் அடியைப் பாடிப் பார்த்தார்.

ஞாயிறு பள்ளிக்கென்றே இதை எளிமையாக்கியவர்கள் நம் பிரிந்த சகோதரர்கள். 1841-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், எளிய இசைப் பயிற்சி முறையொன்றைத் தேடும் பொறுப்பை ஜான் கர்வன் என்ற போதகரிடம் ஒப்படைத்தனர். நார்விச் நகர ஆசிரியை சாரா குளோவரின் முறையை அவர் வளர்த்தெடுத்தார். அதுவே 'டானிக் சோல்ஃபா'. இதில் பாடுபவரின் சுருதி எதுவோ அதுவே 'டோ'. நம் 'ச' போலத்தான்! சங்கராபரணம் தெரிந்த பிள்ளைக்கு டோ-ரே-மி புதிதல்ல.

இதை நாமும் செய்யலாம். வகுப்பு தொடங்குமுன் பத்து நிமிடம் போதும். முதலில் 'சோ', 'மி' என்னும் இரண்டு சுரங்கள், பிறகு 'லா'. ஒவ்வொன்றுக்கும் கைச்சைகை உண்டு: 'டோ'வுக்கு மூடிய கை, 'மி'க்குக் கிடையாக நீட்டிய கை. கரும்பலகையில் சுரங்களை ஏணிபோல் எழுதிக் கோலால் தொட்டுக் காட்டலாம். ஏணி பழகியபின் ஐந்து கோடுகளுக்குப் போகலாம். கீபோர்டு இல்லாமலே பழகட்டும். ஆண் ஆசிரியரின் தாழ்ந்த சுருதியில் பிள்ளைகளைப் பாடவைக்க வேண்டாம். அவர்கள் குரலுக்கு அது எட்டாது.

எந்தப் பிள்ளையிடமும் "நீ பாடாதே" என்று சொல்லாதிருப்போம். அந்த ஒரு சொல்லால் வாழ்நாள் முழுவதும் திருப்பலியில் வாய் திறக்காதவர்கள் உண்டு. சுருதி சேராத பிள்ளைக்குத் தேவை பயிற்சியே.

இறைமக்கள் அனைவரும் பாடலில் முழுமையாய்ப் பங்கேற்க வேண்டும் என்பதே 1963-இல் வெளிவந்த, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏட்டின் விருப்பம் (எண் 114). பாடகர் குழு நமக்காகப் பாட, நாம் கேட்டுக்கொண்டிருப்பது அதற்கு ஈடாகாது. இன்று சுரம் படிக்கும் சிறுமி, நாளை புதிய பதிலுரைப் பாடலைத் தானே படித்து மற்றவர்களுக்குச் சொல்லித் தருவாள். அந்த நாளுக்காக வரும் ஞாயிறே தொடங்குவோம்.