கரிசலில் பருத்தி, உடம்பில் பாலியெஸ்டர்!



போன வருஷம் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கு நான் ஒரு நெட் கவுன் போட்டிருந்தேன். பளபளன்னு இருந்துச்சு. பார்த்தவங்க எல்லாரும் "நல்லா இருக்கு"ன்னாங்க. ஆனா மத்தியானத்துக்குள்ள கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு, ஒரே அரிப்பு. அப்படியும் ராத்திரி வரைக்கும் நான் அதை மாத்தலை. ஏன் மாத்தலைன்னு யோசிச்சேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், அரிப்பு ஏன் வந்தது? வேர்வை ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பருத்தி ஈரத்தை உறிஞ்சும். காய்ந்த 100 கிராம் பருத்தி, காற்றில் இருக்கும் ஈரத்திலேயே சுமார் 8 கிராம் இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் துணி உடம்போடு ஒட்டினால் வேர்வை தோலிலேயே தங்கும். வேர்வைத் துளை அடைபட்டு வேர்க்குரு வரும்.

நம்ம கரிசல் பூமியோ பருத்திக்குப் பேர்போனது. கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கருங்கண்ணிப் பருத்தி நம்ம மானாவாரிக் காட்டுப் பயிர். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போகும்போது நம்ம வீட்டுப் பெண்கள் எடுப்பது சின்தடிக் சேலைதான்.

அம்மாகிட்ட காரணம் கேட்டேன். "நூல் சேலைன்னா கஞ்சி போடணும், தேய்க்கணும். பஸ்ல ஏறி இறங்குறதுக்குள்ள கசங்கிரும். கசங்குன சேலையோட போய் நின்னா நாலு பேரு என்னடி நெனப்பாங்க?"ன்னு கேட்டாங்க. துவைத்ததும் காயும், விலையும் குறைவு என்பது நியாயம்தான். ஆனால் அம்மா கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான காரணம். நானும் அதனால்தான் கவுனை மாத்தலை.

இதில் அரிப்பு மட்டும் பிரச்சினை இல்லை. என் சித்தி தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போறாங்க. வேன்ல வர்றவங்க எல்லாரும் பளிச்சுன்னு வர்றாங்கன்னு அவங்களும் சின்தடிக் சேலைதான் கட்டுறாங்க. பருத்தியிலும் தீப்பிடிக்கும். ஆனால் பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரி சூட்டில் உருகி, தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் காயம் ஆழமாகும். அடுப்படியிலும் இதே ஆபத்துதான்.

இதைச் சித்திகிட்ட சொன்னேன். "எல்லாரும் நூல் சேலை கட்டுனா நானும் கட்டுறேன்"னு சிரிச்சாங்க. எல்லாரும் இப்படியே சொன்னால் முதலில் கட்டுவது யார்?

தோழிகளே, அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் பார்க்கிறவங்க ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிருவாங்க. வேர்வையும் சூடும் நமக்குத்தான். வேலைக்கும் வெயிலுக்கும் அடுப்படிக்கும் பருத்தி உடுத்தச் சொல்லி வீட்டில் பேசுங்கள். அடுத்த திருவிழாவுக்கு நான் பருத்திச் சுடிதாரில் வருவேன்.

கசங்கினால் கசங்கட்டும்!