சாலட் மேல தூவின முளை

2011 மே மாசம், ஜெர்மனியோட வடக்குப் பகுதி. ஹாம்பர்க் ஆஸ்பத்திரிகள்ல ரத்தபேதியோட ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. பெரும்பாலும் பெரியவங்க, அதுலயும் பெண்கள் அதிகம். இப்படி ரத்தபேதி வரவைக்கிற ஈ.கோலைங்கிற பாக்டீரியாத் தொற்று மோசமாகுறது வழக்கமா சின்னப் பிள்ளைங்களுக்குத்தான். இது என்ன புதுசா இருக்கேன்னு டாக்டர்களுக்கே குழப்பம். ஜூலைக்குள்ள கிட்டத்தட்ட 3,800 பேருக்கு நோய். 800 பேருக்கு மேல சிறுநீரகம் பழுதாச்சு. 50 பேருக்கு மேல இறந்துட்டாங்க.

கிருமியோட பேரு ஈ.கோலை ஓ104:எச்4. குடல் சுவர்ல செங்கல் அடுக்கின மாதிரி வரிசையா ஒட்டிக்கிற ரகம். பாக்டீரியாவைத் தாக்குற ஒரு வைரஸ் அதுக்குள்ள புகுந்து, ஷிகா நச்சு தயாரிக்கிற மரபணுவைச் சேர்த்துவிட்டிருந்தது. போதாததுக்கு, பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைச்சுப்போடுற நொதியும் அதுகிட்ட இருந்தது.

"சரி, வேற ஆன்டிபயாட்டிக் குடுக்கலாமே"ன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். சில ஆன்டிபயாட்டிக் பட்டா, உள்ள தூங்குற அந்த வைரஸ் முழிச்சுக்கும், நச்சு இன்னும் அதிகமா வெளிய வரும். அதனால நிறைய டாக்டர்கள் மருந்தை எழுதவே தயங்கினாங்க. டயாலிசிஸ்தான் பல பேரைக் காப்பாத்துச்சு. மருந்துக்கு அடங்காத கிருமின்னுதான் தலைப்புச் செய்தியெல்லாம் வந்துச்சு. ஆனா ஆளைக் கொன்னது நச்சு.

எதுல இருந்து வந்துச்சு? மே 26-ஆம் தேதி ஹாம்பர்க் அதிகாரிங்க ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் கைகாட்டினாங்க. அதுல இருந்தது வேற ரகக் கிருமின்னு தெரியறதுக்குள்ள ஸ்பெயின் விவசாயிங்க தலையில இடி விழுந்தாச்சு.

துப்புக் கிடைச்சது லூபெக் ஊர்ல ஒரு உணவகத்துல. "என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா தக்காளி, வெள்ளரின்னு சொல்வாங்க. சாலட் மேல தூவியிருந்த முளையை யாரு ஞாபகம் வச்சிருப்பா? அதனால ஜெர்மனியோட பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் கோஹ் நிறுவனத்துக்காரங்க, எந்தத் தட்டு வாங்கினீங்கன்னு மட்டும் வாடிக்கையாளர்கிட்ட கேட்டுட்டு, அந்தத் தட்டுல என்னென்ன போட்டீங்கன்னு சமையல்காரர்கிட்ட விசாரிச்சாங்க. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். முளை இருந்த தட்டைச் சாப்பிட்டவங்களுக்கு நோய் வர்ற வாய்ப்பு சுமார் 14 மடங்கு அதிகம்.

முளை வந்தது பீனன்ப்யூட்டல்ங்கிற ஊர்ப் பண்ணையில இருந்து. ஜூன்ல பிரான்ஸ்ல போர்தோ பக்கத்துலயும் அதே கிருமி. ரெண்டு இடத்துக்கும் பொதுவா நின்னது எகிப்துல இருந்து 2009-ல இறக்குமதியான வெந்தயம். விதையைச் சோதிச்சப்போ கிருமி சிக்கவே இல்ல. சரக்கு ரசீதுகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சாங்க.

ஆமா, நாம ராத்திரி ஊறவச்சு, துணியில கட்டி முளைக்கவைக்கிற அதே வெந்தயம். ஈரமும் கதகதப்பும் முளைக்கு மட்டுமில்ல, கிருமிக்கும் தோதுதான். விதை இடுக்குல நாலஞ்சு இருந்தாலும் ரெண்டு மூணு நாள்ல பெருகிடும், கழுவினாலும் முழுசாப் போகாது. நல்லா ஆவியில வேகவச்சா கிருமி செத்துடும். இந்தக் கிருமி வயித்துக்குள்ள போன பிறகுதான் நச்சை விடுது, அதனால இங்க வேகவைக்கிறது போதும்.

ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கிற இன்னொரு பாக்டீரியா அப்படி இல்ல. அது சாப்பாட்டுலயே நச்சைக் கக்கி வச்சிடும், திரும்பச் சூடு பண்ணாலும் அந்த நச்சு அழியாது. 2000-ல ஜப்பான்ல பால் பொடித் தொழிற்சாலை ஒண்ணுல கரண்ட் போயி பால் கதகதப்பாவே கிடந்துச்சு. அப்புறம் காய்ச்சினதுல கிருமி செத்துப்போச்சு, நச்சு மட்டும் மிஞ்சிடுச்சு. அந்தப் பொடியில செஞ்ச பாலைக் குடிச்சு ஒசாகா பக்கம் 13,000 பேருக்கு மேல உடம்பு முடியாமப் போச்சு.