மலைக்கு என்ன நிறம்?

வண்ணம் பழகு – 7

திருவண்ணாமலையில் ஓவிய வகுப்பு எடுப்பவர் முதல் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்த மலைக்கு என்ன நிறம்?"

பாதிப் பேர் பச்சைக் கிரேயானை எடுப்பார்கள். தப்பில்லை. மழைக்குப் பிறகு கிரிவலப் பாதையில் நின்று பார்த்தால் பச்சைதான். ஆனால் மரம் நடும் வேலைகள் தொடங்குவதற்கு முன், அவர்களுடைய தாத்தா பாட்டி பார்த்தது மொட்டைப் பாறையை. அருணாசலம் என்ற பெயரைக் கேட்டால் அது வேறு சொல்கிறது: அருணம் என்றால் சிவப்பு, அசலம் என்றால் மலை. தலபுராணமோ கிருத யுகத்தில் நெருப்பு, திரேதாவில் மாணிக்கம், துவாபரத்தில் பொன், கலியில் கல் என்கிறது. இத்தனையும் சொன்ன பிறகு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பச்சைக்குப் போன கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

நம் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது வேறு. சுவரில் ஓர் அட்டவணை. சிவப்பு கோபம், மஞ்சள் மகிழ்ச்சி, நீலம் சோகம். பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். நீலம் எப்போது நமக்குச் சோகமானது? கண்ணன் நீலம், மயில் கழுத்து நீலம், சிவன் தொண்டையில் நின்ற நஞ்சும் நீலம். சோகம் ஆங்கிலக்காரர்களின் நீலம். அட்டவணையோடு கப்பலேறி வந்தது.

துக்கத்துக்கு நம்மிடம் வேறு நிறங்கள் உண்டு. பரதரின் நாட்டிய சாஸ்திரம் ஒவ்வொரு சுவைக்கும் ஒரு நிறம் வகுத்தபோது, நகைக்கு வெள்ளை, வெகுளிக்குச் சிவப்பு, அச்சத்துக்குக் கறுப்பு என்று சொல்லி, அவலத்துக்குப் புறாவின் சாம்பல் நிறத்தைக் கொடுத்தது. சங்கக் கவிஞர்கள் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தலைவன் பிரிந்துபோன பெண்ணின் மேனியில் அவர்கள் கண்டது பசலை, பொன்னைப் போன்ற மஞ்சள். வள்ளுவர் அதற்கென்றே 119ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். தாலிக்கயிற்றில் மங்கலமாக இருக்கும் மஞ்சள், காத்திருப்பவளின் தோளில் நோயாகிவிடுகிறது. நிறம் அதேதான், இடம் மாறிவிட்டது. அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை.

இந்த மாவட்டத்துப் புரிசையில் தெருக்கூத்துக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக முகத்தில் நிறம் தீட்டுகிறார்கள். 'அரிதாரம்' என்று நாம் ஒப்பனை முழுவதற்கும் சொல்கிறோமே, அது உண்மையில் ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர், ஆர்சனிக் கலந்தது. ஒரு நிறத்தின் பெயர் வேஷத்துக்கே பெயராகிவிட்டது! பிள்ளைகளை ஒரு நாள் கூத்து தொடங்கும் முன் ஒப்பனை இடத்தில் உட்கார வையுங்கள். பத்து வகுப்புக்குச் சமம்.

ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்தி, பின்பு அமெரிக்கா போன ஜோசஃப் ஆல்பர்ஸ் 1963இல் வண்ணங்களின் உறவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மாணவர்களுக்கு அவர் பெயிண்ட் கொடுக்கவில்லை, வண்ணக் காகிதங்களைக் கொடுத்தார். ஒரே துண்டை இரண்டு வெவ்வேறு பின்னணியில் வைத்தால் இரண்டு நிறமாகத் தெரியும். நமக்குக் காகிதமும் வேண்டாம். ஒரே குங்குமத்தைத் திருநீறு பூசிய நெற்றியிலும் எண்ணெய் ஊறிய கருங்கல் சிலையிலும் வைத்துப் பாருங்கள். திருநீற்றின் மேல் அடர்ந்து இருளும். கருங்கல்லில் கனன்று ஒளிரும். கோயிலுக்குப் போய்வரும் பிள்ளை தினமும் பார்க்கிறது. பார்த்ததை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

வீட்டுப் பாடம் ஒன்று. கார்த்திகையில் 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றும் மகாதீபம் பதினோரு நாள் எரிகிறது. பிறகு கொப்பரையைக் கீழே இறக்கி, அதில் படிந்த மையை எடுத்து, மார்கழித் திருவாதிரையில் நடராஜருக்குச் சாத்தியபின் பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தருகிறார்கள். வெளிச்சத்திலிருந்து எடுத்த கறுப்பு அது. எந்த உணர்ச்சிக்கு நேரே அதை எழுதுவது? அடுத்த வாரம் கறுப்பைப் பற்றிப் பேசுவோம். அதற்குள் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு வையுங்கள்.

(தொடரும்)