ப்ராசசருக்கு எந்தக் கூலர் பொருந்தும்?

இன்டெல் கோர் ஐ9-14900கே ப்ராசசரை வாங்கிப் பெட்டியைப் பிரித்தால், உள்ளே கூலர் இருக்காது. ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி-யும் அப்படித்தான். வேகமான ப்ராசசர் வாங்குகிறவர் அதன் சூட்டைத் தணிக்க வேண்டிய கருவியையும் தனியே தேடி வாங்கியாக வேண்டும். கடைக்குப் போனால் அட்டைப்பெட்டியின் மேல் ‘220 வாட்’, ‘260 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்ட கூலர்கள் வரிசையாக நிற்கின்றன. பலரும் அந்த எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஆனால் அதை அளக்கப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் கணக்கிட்டுப் போட்டுக்கொள்கிறது. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் வாட் கணக்கையே தவிர்த்துவிட்டு, தன் கூலர்களை ஒன்றோடொன்று ஒப்பிடத் தனி மதிப்பெண் தருகிறது.

கூலர் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். ரைசன் 7000 வரிசையில் எட்டு கோர்கள் அடங்கிய சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகமளவு இடத்தில் பிறக்கும் சூட்டை, அகலமான அலுமினியத் தகடுகளுக்குப் பரப்பியாக வேண்டும். அதைச் செய்பவை அடித்தட்டிலிருந்து வளைந்து மேலேறும் செம்புக் குழாய்களான ஹீட் பைப்புகள். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய நுட்பம் இது. குழாய்க்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சிறிதளவு நீரை வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரிக்கு வெகு முன்பே நீர் ஆவியாகி மேலே போகும். தகடுகளிடம் சூட்டைக் கொடுத்து மறுபடி நீராகும். குழாயின் உட்சுவரில் படிந்த நுண்துளைச் செம்பு அந்த நீரை அடித்தட்டுக்கே இழுத்துவரும். மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. கூலரில் சுழல்வது ஃபேன் ஒன்றுதான்.

ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். பார்க்க வழவழப்பான இரண்டு உலோகப் பரப்புகள் சேரும்போதும் நுண்ணிய இடுக்குகள் மிஞ்சும். அவற்றில் காற்று தங்கும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் 400 என்றால், அதே அளவுகோலில் அலுமினியத்துக்குச் சுமார் 235. காற்றுக்கு வெறும் 0.026. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டு, கூலர் சரியில்லை என்று திட்டுகிறவர்களும் உண்டு.

நம் ஊருக்கு முக்கியமானது அறையின் வெப்பநிலை. காற்றைக் கொண்டு தணிக்கும் எந்தக் கூலரும் ப்ராசசரை அறையைவிடக் குளிராக்க முடியாது. அறையைவிட இத்தனை டிகிரி அதிகம் என்பதே அதன் உண்மையான அளவு. 125 வாட் சூட்டில் ஒரு கூலர் ப்ராசசரை அறையைவிட 45 டிகிரி உயரவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் அது 67-ல் நிற்கும். மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத 35 டிகிரி அறையில், 80-ஐத் தொடும். 14900கே-யின் உச்ச மின்தேவையோ 253 வாட். அதே கணக்கில் உயர்வு மட்டுமே 90 டிகிரியைத் தாண்டும்; அறையின் சூட்டையும் அதோடு கூட்ட வேண்டும். ஆனால் அந்த ப்ராசசரின் வரம்பு 100 டிகிரி. அதை எட்டியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசுக்குரிய வேகம் அங்கேதான் போகிறது.

எல்லாக் குறையும் கூலருடையதல்ல. 7800எக்ஸ்3டி-யில் கூடுதல் கேஷ் நினைவகத்தைக் கோர்கள் இருக்கும் சில்லின் மேல் அடுக்கியிருந்தார்கள்; சூடு வெளியேறும் வழி அதனால் கடினமானது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அந்த அடுக்கைச் சில்லுக்குக் கீழே மாற்றினார்கள். சூட்டைக் கூலரிடம் கொடுப்பது அதற்கு எளிதாயிற்று.

அடுத்தது இடம். நாக்டுவாவின் என்ஹெச்-டி15 கூலரின் உயரம் 165 மி.மீ.; இரண்டு ஃபேன்களோடு எடை 1.3 கிலோவுக்கு மேல். கேபினட்டின் விவரக் குறிப்பில் ‘அதிகபட்சக் கூலர் உயரம் 160 மி.மீ.’ என்றிருந்தால் பக்கக் கதவு மூடாது. முன்பக்க ஃபேனுக்கு அடியில் ரேமுக்குக் கிடைக்கும் உயரமும் 32 மி.மீ.தான், விளக்கு பதித்த உயரமான ரேம் அங்கே முட்டும். தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மி.மீ. உயரத்திலேயே ஆறு ஹீட் பைப், இரண்டு ஃபேன்களோடு, பெரிய கூலர்களைவிட வெகு குறைந்த விலையில் கிடைக்கிறது. விலை கூடினால் தரமும் அதே அளவு கூடும் என்ற எண்ணத்தைக் கைவிட இந்த ஒன்றே போதும்.

65 வாட் வகை ப்ராசசர் என்றால் நான்கு ஹீட் பைப்பும் ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள கூலர் தாராளம். 7800எக்ஸ்3டி போன்றவற்றுக்கு, தகடுகள் இரண்டு தொகுதிகளாக நிற்கும் இரட்டைக் கோபுரக் கூலர் வாங்கலாம். 14900கே-யை நாள் முழுக்க உச்ச வேகத்தில், அதுவும் ஏசி இல்லாத அறையில் ஓட்ட நினைப்பவர் காற்றுக் கூலரை நம்ப வேண்டாம். அல்லது பயாஸில் மின் வரம்பை 125 வாட்டுக்குக் குறைத்து வைத்துக்கொள்ளட்டும். எதை வாங்கினாலும், பணம் கட்டும் முன் கேபினட்டின் கூலர் உயர வரம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.