தசையும் ஏறணும், தொப்பையும் குறையணும்: இரண்டும் ஒரே நேரத்தில் நடக்குமா?

“முதல்ல நல்லா சாப்பிட்டு உடம்பை ஏத்து, அப்புறம் சாப்பாட்டைக் குறைச்சு கொழுப்பைக் கரை.” ஜிம்முக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. முதல் கட்டத்துக்கு ‘பல்க்’, அடுத்ததற்கு ‘கட்’ என்று பெயர். இரண்டையும் சேர்த்தே செய்வது ‘ரீகாம்ப்’.

கொல்லிமலை செம்மேட்டில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவர் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறும் ஏற வேண்டும். ‘பல்க்’ என்று சொல்லி 5 கிலோ கொழுப்பை ஏற்றிக்கொண்டால், அந்த 5 கிலோவையும் சேர்த்துத்தான் கயிற்றில் தூக்கியாக வேண்டும். அதனால் எந்த வழி என்பது அவருக்கு அழகுப் பிரச்சினை அல்ல, வேலைப் பிரச்சினை.

கொழுப்பு தசையாக மாறுமா?

மாறாது. இரண்டும் வேறு வேறு திசுக்கள். கொழுப்பு என்பது சேமித்து வைத்த எரிசக்தி. செலவைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் உடல் அந்தச் சேமிப்பில் கை வைக்கும். தசை வளர எடை தூக்கும் பயிற்சியும் புரதமும் வேண்டும். உடம்பில் போதுமான கொழுப்பு இருந்தால், தசை கட்டத் தேவையான சக்தியில் ஒரு பகுதி அதிலிருந்தே கிடைக்கும். அதனால்தான் இரண்டும் ஒன்றாக நடக்க முடிகிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. எடை கூடிய 40 இளைஞர்களுக்கு 4 வாரம் கடும் பயிற்சி. உணவில் தேவையைவிட 40 சதவீதம் குறைவான கலோரி. உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு சராசரியாக 4.8 கிலோ குறைந்தது. கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ கூடியது. 1.2 கிராம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, ஆனால் கொழுப்பில்லாத எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. இது கண்காணிப்பில் நடந்த ஆய்வு. வீட்டில் அப்படியே பின்பற்றக் கூடாது. தினமும் 300 முதல் 500 கலோரி குறைத்தாலே போதும்.

யாருக்கு எது?

பயிற்சிக்குப் புதியவர், தொப்பை உள்ளவர், இடையில் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குபவர்: இவர்களுக்கு ரீகாம்ப் நன்றாகவே பலன் தரும். பல வருஷம் எடை தூக்கி, ஏற்கெனவே கொழுப்பு குறைந்த உடம்போடு இருப்பவருக்கு அது ரொம்ப மெதுவாக நடக்கும். அவருக்குத்தான் கட்டம் பிரிப்பது பொருந்தும். ஒல்லியான புதியவர் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுப் பயிற்சி செய்தாலே போதும்.

“நாங்க தினமும் மலை ஏறி இறங்குறோமே, போதாதா?” என்று கேட்கலாம். மூச்சுக்கும் காலுக்கும் அது நல்லது. ஆனால் தசை வளர, தூக்கும் சுமை படிப்படியாகக் கூட வேண்டும். தண்டால், புல்-அப்ஸ், மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுவது என்று வாரம் 3 நாள் செய்யலாம்.

புரதத்துக்குப் பவுடர் வேண்டுமா?

இப்படிப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் போதும். 70 கிலோ எடை என்றால் 112 கிராம். அடிவாரத்து நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர்: 4 முட்டையில் சுமார் 24 கிராம் வந்துவிடும். எலும்பில்லாத கோழிக்கறி 150 கிராமில் 30-க்கு மேல், மலையில் விளையும் சாமை 150 கிராமில் 15, கொள்ளு 50 கிராமில் 11, வேர்க்கடலை 50 கிராமில் 12, பால் அரை லிட்டரில் 16. கூட்டிப் பார்த்தால் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. கறி இல்லாத நாளில் முட்டையையும் பயறையும் கூட்டிக்கொள்ளலாம். பவுடர் கட்டாயமில்லை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்ட பிறகே உணவை மாற்ற வேண்டும்.

எடை குறையலையே!

ரீகாம்பில் பலர் பாதியில் விடுவது இதனால்தான். கொழுப்பு 2 கிலோ குறைந்து, தசை 2 கிலோ ஏறினால் எடை மெஷினில் முள் அசையாது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். எத்தனை புல்-அப்ஸ், 1,500 மீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இடுப்பு குறைந்து, புல்-அப்ஸ் எண்ணிக்கை கூடினால் வழி சரிதான். எட்டு வாரமாகியும் இரண்டும் நகரவில்லை என்றால், தட்டில் இருப்பதையும் தூக்கும் சுமையையும் மாற்றிப் பார்க்க வேண்டிய நேரம்.