களப்பணியில் உள்ள படைவீரர்களுக்கான மனநலச் சோதனை

களப்பணி மனநலச் சோதனை என்பது போர்க்களத்துக்கோ இடர் மிகுந்த வேறு பகுதிக்கோ அனுப்பப்படும் படைவீரர்களிடம் மனநலக் குறைபாட்டின் அறிகுறிகள் உள்ளனவா என்று வினாத்தாள், நேர்காணல் ஆகியவற்றின் மூலம் அறியும் நடைமுறை ஆகும். வீரர்கள் புறப்படும் முன்பும், களத்தில் இருக்கும்போதும், திரும்பி வந்த பின்பும் இது நடத்தப்படுகிறது. இது குறித்து மிகுதியாக ஆராய்ந்த நாடுகள் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆகும். அமெரிக்காவில் இச்சோதனை சட்டப்படி கட்டாயம். பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வோ இதனால் பயன் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. இந்த வேறுபாட்டுக்கான காரணங்களை அறிந்துகொண்டால் சோதனையால் எது முடியும், எது முடியாது என்பது விளங்கும்.

சோதனையும் நோயறிதலும்

சோதனை வேறு, நோயறிதல் வேறு. சோதனை என்பது பலரிடம் ஒரே மாதிரியான சில கேள்விகளைக் கேட்டு, மேலும் விசாரிக்க வேண்டியவர்களைப் பிரித்தெடுப்பது. அவருக்கு உண்மையிலேயே நோய் உள்ளதா என்பதை மருத்துவரோ உளவியலாளரோ தனியே பேசிய பிறகுதான் சொல்ல முடியும். எனவே சோதனையில் ஒருவர் கூடுதல் மதிப்பெண் பெற்றார் என்பதற்கு அவர் நோயாளி என்று பொருள் இல்லை.

வரலாறு

முதல் உலகப் போரில் குண்டு வெடிப்புகளுக்கு நடுவே இருந்த வீரர்கள் பலர் நடுக்கம், பேச்சிழப்பு, உறக்கமின்மை போன்றவற்றுக்கு ஆளாயினர். இந்நிலை 'ஷெல் ஷாக்' எனப்பட்டது. பிரித்தானிய மருத்துவரும் உளவியலாளருமான சார்லசு மையர்சு 1915இல் இச்சொல்லைத் தம் மருத்துவக் கட்டுரையில் பயன்படுத்தினார். இத்தகைய பாதிப்புக்கு எளிதில் ஆளாகக்கூடியவர்களை முன்கூட்டியே அறிவதற்காக அமெரிக்க உளவியலாளர் இராபர்ட் வுட்வொர்த் ஒரு வினாத்தாளை உருவாக்கினார். அது நிறைவுபெறுவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆயினும் பின்னர் வந்த ஆளுமை வினாத்தாள்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இம்முறையை மிகப் பெரிய அளவில் கையாண்டது. மனநலக் காரணங்களைக் காட்டிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் படையில் சேர்க்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். இருந்தும் தேர்வான வீரர்களிடையே மனப் பாதிப்பு குறையவில்லை. எவ்வளவு நாள், எவ்வளவு கடுமையான சண்டையில் ஒருவர் இருந்தார் என்பது, அவருடைய பழைய இயல்பைவிடப் பெரிய காரணமாக இருந்தது. போர் முடியும் முன்பே இந்த வடிகட்டலின் மீது படைத்தலைமை நம்பிக்கை இழந்தது.

வியட்நாம் போருக்குப் பின், 1980இல், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1991 வளைகுடாப் போரில் பங்கேற்ற பலர் விளக்க முடியாத உடல்நலக் குறைகளுடன் திரும்பினர். இதையடுத்துக் களப்பணிக்கு முன்னும் பின்னும் மனநல மதிப்பீடு உள்ளிட்ட மருத்துவச் சோதனை நடத்த வேண்டும் என அமெரிக்க நாடாளுமன்றம் 1997இல் சட்டம் இயற்றியது.

அமெரிக்க நடைமுறை

களத்தில் இருக்கும்போது ஒவ்வொரு 180 நாட்களுக்குள் ஒரு மதிப்பீடு நடத்தப்பட வேண்டும் என்ற விதி 2019 சனவரி 1 வரை இருந்தது; தற்போதைய சட்டத்தின்படி, களப்பணிக்குப் புறப்படும் முன் 120 நாட்களுக்குள் ஒரு மதிப்பீடும், திரும்பிய பின் 90ஆம் நாளுக்கும் 180ஆம் நாளுக்கும் இடையில் ஒரு மதிப்பீடும் நடத்தப்பட வேண்டும். அதன் பின்னரும் மதிப்பீடுகள் தொடர்கின்றன. முன்னணியில் உள்ள வீரரை அங்கிருந்து விலக்க வேண்டி வந்தாலோ, படையினருக்கு ஆபத்து நேரும் என்றாலோ, களத்தில் நடத்திய மதிப்பீட்டுக்கு விலக்கு அளிக்கச் சட்டம் இடம் தந்தது.

திரும்பியதும் ஒரு முறை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. ஈராக்கிலிருந்து திரும்பிய 88,235 அமெரிக்க வீரர்களின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2007இல் வெளிவந்தது. திரும்பிய உடனே சொன்னதைவிட, சில மாதங்கள் கழித்து அவர்கள் கூடுதலான மனநலக் குறைகளைச் சொல்லியிருந்தனர். குடும்பத்தாருடனும் பிறருடனும் ஏற்படும் பிணக்குகள் குறித்த கவலை நான்கு மடங்கு உயர்ந்திருந்தது. ஊர் திரும்பிய மகிழ்ச்சியில் முதலில் தெரியாதது, அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பிய பின் வெளிப்படுகிறது.

கேட்கப்படும் கேள்விகள்

வினாத்தாள்கள் பெரும்பாலும் சுருக்கமானவை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலை அறியப் பயன்பட்ட ஒரு வினாத்தாளில் நான்கே கேள்விகள் இருந்தன. கெட்ட கனவுகளோ வேண்டாத நினைவுகளோ வருகின்றனவா, அவற்றை நினைவூட்டுபவற்றைத் தவிர்க்கிறாரா, எப்போதும் எச்சரிக்கையாகவும் எளிதில் திடுக்கிடுபவராகவும் இருக்கிறாரா, பிறரிடமிருந்து விலகி உணர்ச்சியற்று இருக்கிறாரா என்பவையே அவை. மூன்றுக்கு 'ஆம்' என்றால் மேல் விசாரணை தேவை. மனச்சோர்வுக்கும் மதுப் பழக்கத்துக்கும் தனித்தனிக் கேள்விகள் உள்ளன.

களத்தில் இவ்விடைகளுக்குப் பொருள் கொள்வது எளிதன்று. ஊரில் இருப்பவர் சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். கண்ணிவெடி புதைக்கப்பட்ட சாலையில் வண்டி ஓட்டுபவருக்கோ அந்த எச்சரிக்கையே உயிர்க்காப்பு. இரவுக் காவல் பணியால் வரும் உறக்கக் குறைவும், மனச்சோர்வால் வரும் உறக்கக் குறைவும் தாளில் ஒரே விடையாகத்தான் பதியும். இதனால்தான் அமெரிக்கச் சட்டம் வினாத்தாளோடு நில்லாமல், பயிற்சி பெற்றவர் நேரில் பேச வேண்டும் என்கிறது.

தவறான முடிவுகள்

சிறந்த வினாத்தாளும் தவறு செய்யும். ஒரு கணக்கின் மூலம் இதைப் புரிந்துகொள்ளலாம். 1000 வீரர்களில் 50 பேருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கொள்வோம். வினாத்தாள், குறைபாடு உள்ளவர்களில் 80 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கிறது. இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரை இல்லை என்றே சரியாகக் காட்டுகிறது என்றும் கொள்வோம். அப்படியானால் 50 பேரில் 40 பேர் கண்டறியப்படுவர், 10 பேர் தப்பிவிடுவர். குறைபாடு இல்லாத 950 பேரில் 95 பேர் தவறாகச் சுட்டப்படுவர். ஆக, சுட்டப்பட்ட 135 பேரில் ஏறத்தாழ பத்துக்கு மூவருக்கே உண்மையில் குறைபாடு இருக்கும். மற்றவர்களையும் களப்பணியிலிருந்து விலக்கினால் அவர்களுக்கு மட்டுமன்றி, ஆள் குறைந்த அவர்களது பிரிவுக்கும் இழப்பு.

உண்மையான விடை கிடைக்காமை

கணக்கைவிடப் பெரிய சிக்கல், வீரர்கள் உண்மையைச் சொல்லாமல் இருப்பது. தாளில் பெயர் இருக்கிறது. விடை கட்டளை அதிகாரியின் காதுக்குப் போகுமோ, பதவி உயர்வு தடைப்படுமோ, உடன் பணிபுரிவோர் கோழை என்பார்களோ என்ற அச்சம் உண்டு. திரும்பி வரும் நாளில், 'ஆம்' என்று எழுதினால் குடும்பத்தைப் பார்ப்பது தள்ளிப்போகும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

2004இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மனநலக் குறைபாட்டுக்கான அறிகுறிகள் இருந்த அமெரிக்க வீரர்களில் 23 முதல் 40 விழுக்காட்டினர் மட்டுமே உதவி நாடினர். அறிகுறி உள்ளவர்களே இழுக்கு நேரும் என்று கூடுதலாக அஞ்சினர். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒரே படைப்பிரிவில் பெயருடன் நிரப்பிய வழக்கமான படிவத்தையும் பெயரின்றி நிரப்பிய வினாத்தாளையும் ஒப்பிட்டது. பெயரில்லாத தாளில் மன உளைச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுதலாகப் பதிவாகியிருந்தன.

இக்காரணத்தால் களத்தின் பொது நிலையை அறிய வேறு வழியும் கையாளப்பட்டது. 2003 முதல் அமெரிக்கத் தரைப்படை மனநல ஆலோசனைக் குழுக்களை ஈராக்குக்கு அனுப்பியது. அவை வீரர்களிடம் பெயர் கேட்காமல் வினாத்தாள் அளித்தன. இம்முறையில் தனி ஒருவருக்கு உதவ முடியாது. ஆனால் எந்தப் பிரிவு மிகவும் களைத்துள்ளது, பணிக்காலம் நீள்வதால் பாதிப்பு எவ்வளவு கூடுகிறது என்பவற்றைத் தலைமை அறிய முடியும்.

ஆய்வு முடிவுகள்

2007இல் ஈராக் சென்ற அமெரிக்கத் தரைப்படைப் பிரிகேடுகளில் மூன்றில் புறப்படும் முன் சோதனை நடத்தப்பட்டது. வேறு மூன்றில் நடத்தப்படவில்லை. சோதிக்கப்பட்ட 10,678 பேரில் 819 பேர் மேல் விசாரணைக்கு உட்பட்டனர். 74 பேர் மட்டுமே நிறுத்தப்பட்டனர்; 96 பேர் கூடுதல் மருத்துவ ஏற்பாட்டுடன் அனுப்பப்பட்டனர். களத்தில் இருந்த மருத்துவக் குழுவுக்கு இவர்களைப் பற்றிய விவரம் முன்பே தெரிவிக்கப்பட்டது. ஆறு மாதங்களில் தற்கொலை எண்ணத்துடன் மருத்துவரிடம் வந்தோர் சோதிக்கப்பட்ட பிரிவுகளில் 0.4 விழுக்காடு, மற்றவற்றில் 0.9 விழுக்காடு. பிரிகேடுகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாததால் இம்முடிவைச் சற்று எச்சரிக்கையோடே ஏற்க வேண்டும்.

பிரித்தானியாவில் ஆப்கானித்தானிலிருந்து திரும்பிய 10,190 படையினர், 434 பிளட்டூன்களாகக் குலுக்கல் முறையில் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு தொகுதியினருக்கு அவரவர் விடைக்கேற்ற அறிவுரை கணினி வழியே தரப்பட்டது. மற்றத் தொகுதிக்குப் பொதுவான அறிவுரை மட்டும் கிடைத்தது. 2017இல் வெளியான முடிவின்படி, நோயின் அளவிலோ உதவி நாடுவதிலோ இரு தொகுதிகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

இரண்டும் வெவ்வேறு கட்டத்தில் நடந்த ஆய்வுகள் என்பதால் அவற்றை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க இயலாது. எனினும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. முதலாவதில் சோதனைக்குப் பின் ஒரு மருத்துவர் அவ்வீரருக்குப் பொறுப்பேற்றார். இரண்டாவதில் 'உதவி நாடுங்கள்' என்ற அறிவுரை தரப்பட்டது. நாடும் பொறுப்பு வீரரிடமே விடப்பட்டது.

தொடர் உதவி

சோதனையில் கண்டறியப்பட்டவருக்குக் களத்திலேயே உதவி தருவது முதல் உலகப் போர்க் காலம் முதல் வரும் மரபு. பணியிடத்துக்கு அருகில், காலம் தாழ்த்தாமல், குணமாகித் திரும்புவார் என்ற நம்பிக்கையோடு கவனிப்பதே அதன் அடிப்படை. சில நாள் ஓய்வு, உறக்கம், உணவு, பேச்சுத்துணை ஆகியவை பலருக்குப் போதுமானவை. பிரித்தானியக் கடற்படையின் மரீன் பிரிவில் தோன்றிய ஒரு முறையில், பயிற்சி பெற்ற சக வீரர்களே கடும் நிகழ்வுக்குப் பின் தம் தோழர்களிடம் பேசி, தேவைப்படுவோரை மருத்துவரிடம் அனுப்புகின்றனர்.

அச்சத்தைக் குறைக்கச் சட்ட ஏற்பாடுகளும் வந்துள்ளன. மருத்துவர் எந்தெந்தச் சூழலில் மட்டும் கட்டளை அதிகாரிக்குத் தகவல் தரலாம் என்பதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2011இல் வரையறுத்தது. 2021 திசம்பரில் நிறைவேறிய 'பிராண்டன் சட்டம்', காரணம் எதுவும் கூறாமலேயே மனநல மதிப்பீடு கேட்கும் உரிமையை வீரருக்கு அளிக்கிறது. இதன்படி, படிவம் வரும்வரை காத்திராமல் வீரர் தாமே உதவி கேட்கலாம்.